‘உள்நாட்டு விவகாரம்’ என்று சொல்வது யார்?

(குன்றத்தூரில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிருந்து பேருந்து ஏறினால் அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் தாண்டித் தாம்பரம். அங்கே தங்கிப் படிக்கிற திபெத்திய மாணவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது, அந்த மாணவர்களில் சிலரை நமது காவல்துறை முன்கூட்டியே பிடித்துச் சென்றது. சென்னை லயோலா கல்லூரியில் படித்த திபெத்தியக் கவிஞர் டென்சின் சுண்டு, சந்திப்புக்குச் சில நாட்கள் முன்பே விழுப்புரம் மாவட்டத்தில் கைதானார். எங்கே கொடியைத் தூக்கிக் காட்டிவிடுவார்களோ என்பதுதான் அரசின் பயம்.

இந்தப் பயத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 2008 மார்ச் 10 அன்று லாசாவில் புத்த பிக்குகள் ஊர்வலம் போனார்கள். 1959 எழுச்சியின் நினைவு நாள் அது. அடுத்த சில நாட்களில் போராட்டம் பரவியது, கலவரமும் நடந்தது, ராணுவம் இறங்கியது. செத்தவர்கள் இருபது பேர் அளவில் என்றது சீன அரசு. இருநூறுக்கும் மேல் என்றது நாடு கடந்த திபெத் அரசு. வெளிநாட்டுச் செய்தியாளர்களை வெளியேற்றிவிட்டதால் நேரில் போய் எண்ணிப் பார்க்க வழியில்லை. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். உலகத்தின் கண் சீனாவின் மேல் இருக்கிற நேரம் அதுதான் என்று திபெத்தியர்களுக்குத் தெரியும். லண்டனிலும் பாரிசிலும் ஒலிம்பிக் சுடரை மறித்தார்கள்.

ஏப்ரல் 17 அன்று சுடர் டெல்லிக்கு வந்தது. குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து இந்தியா கேட் வரை, மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். அதற்கு ஆயிரக்கணக்கில் காவலர்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இந்தியக் கால்பந்து அணித் தலைவர், சிக்கிமைச் சேர்ந்த பைச்சுங் பூட்டியா, திபெத் மக்கள் பக்கம் நின்று சுடரை ஏந்த மறுத்தார்.

‘விளையாட்டில் அரசியல் எதற்கு?’ என்று கேட்பார்கள். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா போனது. நம்ம சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். எதிரணி நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்கா. விளையாட மாட்டோம் என்றது இந்தியா. கோப்பை போனது, மானம் நின்றது. அன்று அரசியல் இனித்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் இந்தியா தூதரக அதிகாரியை அனுப்பவில்லை. கல்வான் மோதலில் இருந்த சீன ராணுவ அதிகாரி சுடர் ஏந்தியதுதான் காரணம். திபெத்தியருக்காக ஒரு வார்த்தை கிடையாது.

நாமும் நம்மைப் பார்த்துக்கொள்வோம். 2013இல், இலங்கை வீரர்கள் வருவார்கள் என்பதால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த மாட்டோம் என்றது தமிழ்நாடு அரசு. போட்டி புனேவுக்குப் போனது. ஈழத்தமிழர் துயரத்தை உலகத்துக்குச் சொல்ல விளையாட்டு மைதானம் வேண்டும் என்று அன்று ஒப்புக்கொண்டோம். ஆறே ஆண்டில், அதே கட்சியின் ஆட்சியில், திபெத்தியர் வாயை மூட நம் காவல்துறையே போனது. எத்தனை பேர் கேட்டோம்?

சீனாவைக் கேட்டால் திபெத் உள்நாட்டு விவகாரம் என்கிறது. இந்தச் சொல்லை முதலில் கேட்கிறவர்கள் நாமில்லை. 1946இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் ஒதுக்கப்படுவதை இந்தியா ஐ.நா.வுக்குக் கொண்டு போனது. ‘எங்கள் உள்நாட்டு விவகாரம்’ என்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். தீண்டப்படாத மக்களும் அப்படி ஒரு மனு கொடுக்கலாமா என்ற யோசனை அவருக்கு இருந்தது. 2001இல், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. சாதியையும் பேசுங்கள் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று தடுத்தது இந்திய அரசு.

ஊரில் சேரிக்காரன் வழக்குப் போட்டால், ‘ஊர் விஷயத்தை ஏன் வெளியே கொண்டு போகிறாய்?’ என்பார்கள் இல்லையா? அதே குரல்தான் இது. அடிக்கிறவன்தான் எப்போதும் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறான்.

சீனாவைத் திட்டுவது சுலபம். அதை ஆளுங்கட்சியின் ஐ.டி. பிரிவே செய்யும். நம் வேலை வேறு. குற்றம் நடக்கும் முன்பே பிடிக்கும் அதிகாரம் அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 151இல் இருந்தது, இன்று புதிய சட்டத்தில் 170ஆவது பிரிவாக இருக்கிறது. நினைவு நாளுக்குப் போகும் தலித் இளைஞனையும் இதே அதிகாரம் வழியில் மறிக்கிறது. அந்தப் பிரிவில் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதும் சட்டம்தான். அடுத்த முறை ஏதாவது விழாவுக்காகத் தாம்பரத்தில் ஒரு திபெத்திய மாணவரைப் பிடித்தால், வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு காவல் நிலைய வாசலில் நாம் நிற்க வேண்டும். டர்பனில் நமக்காக உலகம் பேச வேண்டும் என்று கேட்ட நாம், பக்கத்துத் தெருப் பிள்ளைக்காகப் பேசாமல் இருக்க முடியாது.