இரண்டு முறை விடிந்த பயணம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு வான்வழித் தூரம் 14,498 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானம் ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தூரம் மாறாதது. ஆனால் அந்த 17 மணி நேரத்தை நம்பிவிடக் கூடாது; அது காலத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப மாறும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த விமானப் பாதை அறுந்துபோயிற்று. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனம் ஒரு துணிச்சலான வேலையைத் தொடங்கியது. பெர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு, இந்தியப் பெருங்கடலின் மேல் சுமார் 5,600 கிலோமீட்டர் பறப்பது! நீரில் இறங்கும் கேட்டலினா விமானங்கள் ஐந்து அதற்குக் கிடைத்தன. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமே பெரிது. வயிறு நிறைய எரிபொருள் சுமந்ததால் பயணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற முடியாது.

எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் வழியில் வானொலித் தொடர்பு கிடையாது. விண்மீன்களைப் பார்த்தே திசை கண்டார்கள், விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். பயணம் ஒரு முழு நாளைத் தாண்டிவிடும், வானத்திலேயே இரண்டு முறை விடியும். அதனால், ஏறியவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தின்’ உறுப்பினர் என்று சான்றிதழே கொடுத்தார்கள். 1945 வரை 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம்.

போருக்குப் பின், 1947இல் சிட்னி–லண்டன் பயணம் பல ஊர்களில் நின்று நான்கு நாள் எடுத்தது. பெர்த்திலிருந்து லண்டனுக்கு ஒரே தாவலில் போகும் சேவை 2018 மார்ச்சில்தான் வந்தது.

அதற்கும் ஒரு சோதனை. 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மூண்டபோது விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது. பெர்த்திலிருந்து கிளம்பியவை எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்கின. லண்டனிலிருந்து திரும்பியவையோ நிற்காமலே வந்தன! காரணம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று, ஒரு பக்கம் போகிறவரைத் தள்ளிவிடும். எதிர்ப்பக்கம் போகிறவரைத் தடுக்கும். விமான அட்டவணையில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று போட்டிருப்பது அதனால்தான்.

சிட்னியிலிருந்து லண்டனுக்கே நேராகப் பறக்கும் திட்டம் ஒன்றையும் குவான்டாஸ் கையில் வைத்திருக்கிறது. பழைய கேட்டலினாக்களின் நினைவாக அதற்குச் ‘சூரியோதயத் திட்டம்’ என்று பெயர். 22 மணி நேரம் வரை பிடிக்குமாம். கொக்கல ஏரியில் வந்திறங்கிய அந்தப் பறக்கும் படகுகளின் மிக நீண்ட பயணத்தைவிட, அதுவும் பத்து மணி நேரம் குறைவுதான்.