நினைவுள்ள கம்பி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இசைக்கும் கூத்துக்கும் நடுவே ஒரு கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மயிரிழையினும் மெல்லியது, ஆயினும் பழைய வடிவத்தை மறவாதது.

அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்னும் அறிஞர், ஏவுகணையின் மூக்குப் பகுதிக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிவந்தார். நிக்கலையும் டைட்டானியத்தையும் ஏறத்தாழச் சம அணுக்களாகச் சேர்த்த கலவையை ஆராய்ந்தார். 1961-இல் ஆய்வகக் கூட்டமொன்றில், விசிறிபோல் மடித்த அக்கலவைத் தகடு கைமாறிச் சென்றது. டேவிட் முசி என்பவர் தம் புகைக்குழாய் பற்றவைக்கும் லைட்டரால் அதைச் சுட்டார். மடிப்புகள் அவிழ்ந்து தகடு நிமிர்ந்தது! இன்று அக்கலவைக்கு நிட்டினால் என்று பெயர்.

இதில் மாயம் ஏதுமில்லை. குளிர்ந்த நிலையில் அணுக்கள் எளிதில் வளைந்துகொடுக்கும் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. குறித்த வெப்பத்தைக் கடந்ததும் முன்னைய ஒழுங்குக்குத் திரும்புகின்றன. வடிவமும் உடன் திரும்புகிறது. வேண்டிய வடிவில் இறுகப் பிடித்து ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால், அவ்வடிவமே அதன் நினைவாகிவிடும்.

இக்கம்பியை இழுத்துக் கட்டி மின்சாரம் பாய்ச்சினால் அது சூடேறிச் சுருங்கும். 10 சென்டிமீட்டர் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறையும். 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி 100 கிராமுக்கு மேற்பட்ட எடையை இழுக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் குளிரும். ஒரு சுருள்வில் அதை மீண்டும் நீட்டும். பற்சக்கரமும் காந்தமும் இன்றி ஓர் இயந்திரம் அமைந்துவிடுகிறது.

ஆனால் ஒரு குறை. சூடேற்றுவது விரைவு, ஆறுவதோ மெதுவு. கால் மில்லிமீட்டர் கம்பி ஆறச் சில நொடிகள் செல்லும். செலவிடும் மின்சாரத்திலும் மிகச் சிறு பங்கே வேலையாக மாறுகிறது. பெரிய இயந்திரங்களில் இது மோட்டாரை வெல்ல முடியாமற் போனதன் காரணம் இதுவே.

சிறுமையே இங்குக் கைகொடுத்தது. கம்பியின் தடிப்பைப் பாதியாக்கினால் உலோகத்தின் அளவு கால் பங்காகிறது; மேற்பரப்போ பாதியளவே குறைகிறது. ஆகவே மெல்லிய கம்பி விரைவில் ஆறும். சில கைப்பேசிகளின் காமிராவில், கை நடுங்கினாலும் படம் கலங்காதபடி வில்லையை நகர்த்துபவை இத்தகைய கம்பிகளே. 1997-இல் செவ்வாயில் ஊர்ந்த சோஜர்னர் வண்டியில், தூசியை அளக்கும் பொருட்டு ஒரு கண்ணாடித் தகட்டை நகர்த்தியதும் இத்தகைய கம்பியே.

நம் நாட்டுக்கென ஒரு கேள்வியும் உண்டு. இவ்வகைக் கம்பிகளிற் பல 70 அல்லது 90 டிகிரி அளவில் சுருங்குவன. மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காரினுள் வைத்த கருவி எவ்வளவு சூடேறும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சுற்றுப்புறமே சூடாக இருந்தால் கம்பி எப்படி ஆறும்? மின்சாரமின்றித் தானே சுருங்கிவிட்டால்? நிக்கலின் பங்கு சிறிதே மாறினும் சுருங்கும் வெப்பநிலை பெரிதும் மாறும். ஆதலால் நம் கோடைக்கேற்ற கலவையை நுட்பமாக அளந்து, நம் வெயிலிலேயே சோதிக்க வேண்டும். இப்பணி நம் இளைஞர்களுக்குக் காத்திருக்கிறது.

அன்று மேசையைச் சுற்றி வந்த தகட்டை வளைத்துப் பார்த்தவர் பலர். சுட்டுப் பார்த்தவர் ஒருவர். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஒருவராக விளங்க வேண்டும் என வாழ்த்தி அமைகிறேன்.