இன்டக்ஷன் அடுப்பு வாங்குமுன் சட்டியைப் பாருங்கள்

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விறகுப் புகையால் வரும் கண்ணெரிச்சல், இருமல், சின்னப் பிள்ளைகளுக்கு வரும் நெஞ்சுச் சளி பற்றியெல்லாம் நாம் பல தடவை பேசியிருக்கிறோம். 2022ஆம் ஆண்டு காஸ் கிடைக்காமல் நாடே திண்டாடிய பிறகு, டவுனில் மட்டுமல்ல, நமது லயங்களிலும் கரண்ட் அடுப்பு வாங்கும் ஆசை வந்திருக்கிறது. நல்ல விஷயந்தான். ஆனால் தவணைக் காசுக்கு இன்டக்ஷன் அடுப்பை வாங்கி வந்து, வீட்டில் இருக்கிற அலுமினியப் பானையை வைத்தால், அது "பீப் பீப்" என்று கத்திவிட்டு நின்று போகும். அடுப்பு பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். பழுது ஒன்றும் இல்லை. அந்தப் பானைக்கும் அந்த அடுப்புக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான்.

ஏன் ஒத்துவராது? மற்ற அடுப்புகளில் முதலில் அடுப்பு சூடாகும், பிறகு சட்டி சூடாகும். இன்டக்ஷன் அடுப்பில் நெருப்பும் இல்லை, சிவந்து எரியும் கம்பியும் இல்லை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் கரண்ட் ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுகிறது. அதனால் உண்டாகும் காந்த சக்தி, மேலே வைத்த சட்டியின் அடியிலும் கரண்டை ஓட வைக்கிறது. மைக்கல் பரடே என்ற விஞ்ஞானி 1831இல் கண்டுபிடித்த விஷயத்தில் இருந்து வந்ததுதான் இது. ஆக, இங்கே சட்டிதான் அடுப்பு!

அந்தக் கரண்ட் இரும்பில் ஓடும்போது, அடிப்பக்கத்து மெல்லிய தோலுக்குள்ளேயே நெருக்குப்பட்டு, தடைப்பட்டு ஓடுகிறது. அந்தத் தடையில்தான் சூடு பிறக்கிறது. கொழுந்துக் கூடையோடு கல்லும் முள்ளுமான ஏத்தத்தில் ஏறினால் எப்படி வேர்க்கும்? அதுபோல. அலுமினியமும் செம்பும் தார் ரோடு மாதிரி. கரண்ட் லேசாக ஓடிவிடும், சமைக்கிற அளவுக்குச் சூடு வராது. மண்சட்டியில் கரண்ட் ஓடவே வழியில்லை. "அப்ப மண்சட்டியில மீன் கொழம்பு வெக்க ஏலாதா?" என்று ஒரு அக்கா கேட்கிறார். இந்த அடுப்பில் ஏலாது அக்கா. அதை விறகடுப்பில்தான் வைக்க வேண்டும்.

எந்தச் சட்டி சரிவரும் என்று பார்க்க ஒரு காந்தத் துண்டு போதும். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றினாலும் சரி. சட்டியின் வெளி அடியில் வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி. விழுந்தால் சரிவராது. இரும்பு ரொட்டிக்கல் பிடிக்கும், இனாமல் பூசின கோப்பையும் பிடிக்கும், உள்ளே இரும்புதானே. அலுமினியத்தில் வார்த்த ரொட்டிக்கல்லும் கடையில் இருக்கிறது, கறுப்புப் பூச்சில் ஏமாந்துவிட வேண்டாம். எவர்சில்வர்தான் குழப்பம். பளபளப்பு ஒன்றுதான், ஆனால் நிக்கல் கலந்த ரகத்தைக் காந்தம் அநேகமாகப் பிடிக்காது, நிக்கல் கலக்காத ரகத்தைப் பிடிக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்குப் போகும்போது காந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

காந்தம் பிடித்தாலும் அடி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டை அடித் தாச்சி கண்ணாடியைத் தொடுவது நடுவில் கொஞ்ச இடத்தில்தான், மற்றப் பக்கம் தூரமாகிவிடும், சூடு குறையும். மிகச் சின்னச் சட்டியையும் பல அடுப்புகள் கண்டுகொள்ளாது. பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிற சின்னச் சட்டி அப்படித்தான். மெல்லிய அடியுள்ள சட்டியில் சுருளுக்கு நேர் மேலே மட்டும் வட்டமாக அடிப்பிடிக்கும். வெறும் சட்டியை வைத்துவிட்டு வெங்காயம் அரியப் போனால் அடி வளைந்துவிடும், இரண்டு மூன்று நிமிஷம் போதும். கனத்த அடியுள்ளதாக இரண்டு சட்டி, சோற்றுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று வாங்கினால் போதும். ஆனால் அந்த விலையையும் அடுப்பு விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே தவணைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

அலுமினியப் பானைக்கு அடியில் வைக்க ஒரு இரும்புத் தட்டு விற்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் தட்டு சூடாகி, பிறகு பானை சூடாக வேண்டும். நேரமும் கரண்டும் வீண். கண்ணாடியும் அளவுக்கு மீறிச் சூடாகும். எனக்கு அதில் விருப்பமில்லை. இன்ஃப்ராரெட் அடுப்பு என்று இன்னொன்று, பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அது எந்தச் சட்டியையும் ஏற்கும். ஆனால் அதன் கண்ணாடி நெருப்பாய்க் கொதிக்கும், நிறுத்திய பிறகும் ஆற நேரம் எடுக்கும். தவழ்கிற பிள்ளை இருக்கிற காம்பராவில் கவனம்.

இனி வயரிங். 2000 வொட் அடுப்பு ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். லைட்டுக்குப் போட்ட 5 அம்பியர் பொயின்டிலோ, டீவி செருகியிருக்கிற நீட்டு வயரிலோ இதைச் செருகவே கூடாது. வயர் உருகித் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்காது, லயமே போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு தனிப் பொயின்ட் போடுவியுங்கள். 1500 வொட்டில் தினமும் ஒரு மணி நேரம் சமைத்தால் மாதம் 45 யூனிட். நமது கரண்ட் பில் 30, 60, 90 என்று படி ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிற பில். இப்போது வருகிற பில்லோடு அந்த 45ஐயும் கூட்டிப் பாருங்கள்.

விறகடுப்பை இடித்துப் போடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அன்று சோறு பொங்கியது மிலாறு விறகில்தான்.