உரை திறந்த வாயில்

சங்கப் பாடல்கள் புலவர்க்கே உரியவை என்று விலகி நிற்போர் நம்மிடையே பலர். அதிலும், தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நாம், "பள்ளியில் தமிழ் பயிலவில்லையே, பழைய நூல் நமக்கு எவ்வாறு விளங்கும்?" என்று ஐயுறுவது இயல்பே. அவ்வையத்துக்கு மைசூர் நகரிற் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே நல்ல விடை தருகின்றது.

அவர் ஏ. கே. இராமானுஜன். 1929ஆம் ஆண்டு, தமிழ் பேசும் குடும்பத்தில் தோன்றியவர். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். வீட்டின் கீழ்த்தளத்தில் அன்னையாருடன் தமிழ். மாடியில் தந்தையாருடன் ஆங்கிலம். தெருவில் இறங்கினால் கன்னடம். மகாராஜா கல்லூரியில் அவர் பயின்றது ஆங்கில இலக்கியம். பழந்தமிழை முறையாகக் கற்றவரல்லர்.

1962இல், சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற புதிதில், பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடி நூலகத்தின் அடித்தளத்துக்குச் சென்றார். கைக்கு அகப்பட்டதோ, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் வெளியிட்ட குறுந்தொகை. நூலடுக்குகளுக்கிடையே தரையில் அமர்ந்து புரட்டலானார். உரை தெளிவாக விளங்கிற்று. உரை விளங்கவே செய்யுளும் திறந்தது. அன்னையாரிடம் கேட்டு வளர்ந்த தமிழே அவ்வுரைக்குத் திறவுகோலாயிற்று எனலாம். அன்று பெற்ற இன்பம், 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பாக மலர்ந்தது.

அவ்வின்பம் எத்தகையது? நாற்பதாம் பாடலைக் காண்போம். முன்பின் உறவில்லாத இருவர் உள்ளம் கலந்தமைக்கு, செம்மண் நிலத்திற் பெய்த மழைநீர் உவமையாகின்றது. இயற்றியவரின் இயற்பெயர் தெரியாமையால், அவ்வுவமையே அவருக்குப் பெயராயிற்று: செம்புலப் பெயனீரார். மைசூரைச் சூழ்ந்த செம்மண்ணில் மழை பெய்து நீர் சிவந்தோடுவதைக் கண்ட நமக்கு, இதனை உணர அகராதி வேண்டுவதில்லை. மண்ணின் நிறம் நீரின் நிறமாகிவிட்டது. இனி இரண்டையும் பிரிப்பது எங்ஙனம்? புலவர் காதலின் பெருமையை விரித்துரைக்கவில்லை. நிகழ்ந்ததைக் காட்டி நிறுத்திக்கொள்கிறார். எஞ்சியதை நாமே நினைந்து நிரப்பும்போது இன்பம் பிறக்கின்றது.

நேயர்களே, ஒன்றை நாம் கருதவேண்டும். இராமானுஜனுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளிற் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர், ஆனால் எழுத்தறியார். எழுத்தறியாதார் கையில் குறுந்தொகையே கிடைத்தாலும் அது மூடிய நூலாகவே இருக்கும்.

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலானவை நான்கடி முதல் எட்டடிக்குள் அடங்குபவை. மாலைக்கு ஒரு பாடல் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டும் சில வாரங்களுமே செல்லும். பெரியவர் செய்யுளை வாய்விட்டுப் படிக்கட்டும். பிள்ளைகள் உரையை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.