வலைக்கண்ணும் சொல்லின் கண்ணும்: எலக்ட்ரான் நுண்ணோக்கியின் தாங்குவலையைத் தெரிவு செய்தல்



மொழியியல் படித்த ஒருவன் நுண்ணோக்கியைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். நான் பேச வந்தது ஒரு சொல்லைப் பற்றி. அச்சொல்லில் நான் இழைத்த பிழையைப் பற்றியும் பேச வேண்டும். அதற்கு முன் பொருளை அறிந்துகொள்வோம்.

ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணப்படும் பொருள் மிக மெல்லியதாக இருத்தல் வேண்டும். பிசினில் பதித்துச் சீவிய துண்டின் தடிமன் பெரும்பாலும் 60 முதல் 90 நானோமீட்டர். அஃதாவது தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. கண்ணாடிச் சில்லின்மீது அதனை வைத்தல் இயலாது. எலக்ட்ரான் கற்றை கண்ணாடியை ஊடுருவாது. ஆகவே 3.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான உலோக வலை ஒன்றின்மீது துண்டினை ஏந்துகின்றனர். இதனை நான் தாங்குவலை என்பேன். அதன் சட்டங்களுக்கு இடையிலுள்ள கண்களின் வழியேதான் காட்சி கிடைக்கும். சட்டம் மறைத்த பகுதி நமக்கு இல்லை.

இவ்வலைக்கும் நம் தோட்டங்களுக்கும் தொடர்பு உண்டு. 1925ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை நிலையம் இதே சிலாங்கூரில், சுங்கை பூலோவில் அமைந்தது. இரப்பர் மரத்தின் பால்நாளங்களையும் பாலையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தோர் பலர். கோமசும் மொயரும் நாளங்களின் நுண்ணமைப்பைப் பற்றி எழுதிய ஆய்வுநூல் 1979இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. விடியலில் வெட்டிய மரத்தில் சில மணி நேரத்தில் பால் நின்றுவிடுவதை வெட்டியோர் அனைவரும் அறிவர். பாலில் லூட்டாய்டு எனப்படும் நுண்பைகள் உள்ளன. அவை வெடிக்க, இரப்பர்த் துகள்கள் திரண்டு நாளத்தின் வாயை அடைக்கின்றன. இந்த விளக்கம் உறுதிபெறத் துணைநின்றவற்றுள் இத்தகைய வலைகளின்மீது கண்ட காட்சிகளும் அடங்கும்.

இனி, தெரிவு. அதில் மூன்று வினாக்கள் உள்ளன.

முதல் வினா உலோகம். செம்பு மலிவானது, வெப்பத்தையும் மின்சாரத்தையும் நன்கு கடத்துவது. பொதுவான பணிக்கு அதுவே போதும். ஆயினும் இரப்பர்ப் பாலைச் செம்பு, பித்தளைக் கலங்களில் ஊற்றலாகாது என்பது நம்மவர் அறிந்த தொழில்நெறி. செம்பு இரப்பரைக் கெடுக்கும். பாலைப் பதப்படுத்த இடும் அம்மோனியாவோ செம்பை அரிக்கும். அம்மோனியா கலந்த பாலை நேரே வலையில் இடுவோர் இவ்விரண்டையும் நினைவில் கொண்டு நிக்கலையோ பொன்னையோ நாடுதல் தகும். நிக்கல் காந்தத்தால் ஈர்க்கப்படும், காட்சியைச் சற்றே திரிக்கும், இடுக்கியிலும் ஒட்டிக்கொள்ளும். பொன் வினைபுரியாதது, விலையோ மிகுதி. எக்ஸ்கதிர் கொண்டு மாதிரியிலுள்ள செம்பின் அளவைக் காண விழைவோர் செம்பு வலையை வைத்தால், வலையின் செம்பே விடையாக வந்து நிற்கும்.

இரண்டாம் வினா கண். வலையின் எண் என்பது ஓர் அங்குலத்தில் அமைந்த கண்களின் எண்ணிக்கை. 200 எண் வலையில் ஒரு கண்ணும் ஒரு சட்டமும் சேர்ந்து 127 மைக்ரோமீட்டர். 400 எண் வலையில் அதில் பாதி. 400 எண் வலையில் சட்டம் நீங்கக் கண்ணின் அகலம் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டரே. பால்நாளத்தின் குறுக்களவே ஏறத்தாழ 20, 30 மைக்ரோமீட்டர் ஆகையால், நாளங்களை அடுத்தடுத்துக் காண விழைவோருக்குச் சட்டங்களே தடையாகும். எனினும் துண்டுக்கு அங்குப் பிடிமானம் மிகுதி. காட்சி விரிந்தால் தாங்குதல் குறையும். தாங்குதல் மிகுந்தால் காட்சி சுருங்கும்.

மூன்றாம் வினா படலம். அகன்ற கண்ணுள்ள வலைக்கும், ஒரே நீள்துளை கொண்ட வலைக்கும், நீர்த்த பால்துளியை இடும் வலைக்கும் மேலே நெகிழிப் படலமோ கரிப் படலமோ வேண்டும். படலம் காட்சியைச் சிறிது மங்கச் செய்யும். ஆகவே பிசின் துண்டு தானே நிற்குமாயின் படலத்தைத் தவிர்ப்பர்.

இப்போது என் பிழை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைச்சொற் பட்டியல் தொகுக்கையில், வலையின் எண்ணைக் "கண் அளவு" என்று எழுதினேன். ஆய்வகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த என் உறவுப் பெண் ஒருத்தி அதனை நம்பினாள். அகன்ற காட்சி வேண்டி "400 கண் அளவு" வலையைக் கேட்டுப் பெற்றாள். எண் பெரிது, ஆகவே கண்ணும் பெரிது என்பது அவள் கணக்கு. ஒரு வார உழைப்பில் சீவிய துண்டுகளில் அவள் காண வேண்டியவை பெரும்பாலும் சட்டங்களின் பின்னே மறைந்துபோயின. "மாமா, தமிழில் படித்ததனால் ஏமாந்தேனா?" என்று அவள் கேட்டது இன்றும் என் நெஞ்சில் தைத்துள்ளது.

அருகிருந்த என் தாயார் பால் ஸ்டோரில் பல்லாண்டு பால் வடித்தவர். பாலை முதலில் 40 எண் சல்லடையிலும் பிறகு 60 எண் சல்லடையிலும் வடிப்பது அவர் அறிந்த முறை. அவர் சொன்னார்: "என்னைக் கேட்டிருக்கலாமேப்பா. நாப்பது கண்ணுல எலையும் பட்டையும் நிக்கும். அறுபது கண்ணுலதான் சின்னக் கட்டி நிக்கும். கண்ணு கூடுனா ஓட்டை சிறுசு." முனைவர் பட்டம் பெற்ற என்னிடம் இல்லாத தெளிவு அந்த மூன்று தொடர்களில் இருந்தது.

தமிழில் கண் என்பது பழமையான, பரந்த சொல். தேங்காய்க்குக் கண் உண்டு. கரும்புக்கும் ஊற்றுக்கும் உண்டு. மேட்டூரில் பதினாறு கண் மதகு உண்டு. கோல சிலாங்கூர் மீனவர் வலைக்கும் கண் உண்டு. தொல்காப்பியர் இடப்பொருளில் வரும் ஏழாம் வேற்றுமைக்கு உருபாகக் கூறுவதும் கண் என்பதே. குறை சொல்லில் இல்லை. எண்ணையும் அளவையும் ஒன்றாகக் குழப்பிய என்னிடமே குறை. எண்ணிக்கையைக் கண்ணெண் என்றும், துளையின் அகலத்தைக் கண்ணகலம் என்றும் பிரித்து வழங்குவோமாயின் எவரும் ஏமாறார். 400 கண்ணெண், 40 மைக்ரோமீட்டர் கண்ணகலம் என்று எழுதினால் பெரிதும் சிறிதும் ஒருங்கே விளங்கும்.

நம் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால் ஸ்டோர்கள் மூடப்பட்டன. சல்லடை பிடித்த கைகளுள் சில இவ்வவையிலேயே இருக்கின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் அம்முதியோரிடம் சென்று, அவர்கள் கையாண்ட கருவிகளின் பெயர்களையும் அவற்றை எண்ணிய முறைகளையும் எழுதி வைக்க வேண்டுகிறேன். கலைச்சொல் ஆக்குவோர் அகராதியைத் திறப்பதற்கு முன் அவ்வேடுகளைத் திறக்கட்டும். என் தாயாரை நான் காலத்தில் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.