நேற்று என்ன சாப்பிட்டீங்கள்?



வெளிநாட்டிலிருந்து அம்மாவுடன் கதைக்கும்போது "சாப்பிட்டீங்களோ?" என்றுதான் கேட்போம். "ஓம் பிள்ளை" என்பார். வைத்தியரான நானும் அந்தப் பதிலை நம்பியிருந்தேன்.

விடுமுறையில் வந்தபோது, முதல்நாள் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை உண்டதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் தேநீரும் பிஸ்கற்றும், மதியம் சோறும் சொதியும், இரவு பாணும் தேநீரும். வயிறு நிறைந்திருந்தது, ஆனால் பருப்பு, கீரை, மீன், முட்டை, பழம் ஒன்றுமில்லை. கெண்டைக்காலின் சுற்றளவை அளந்தேன். 31 சென்ரிமீற்றருக்கும் குறைவு. தசை கரைகிறது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியைகள் சிலரும் இன்று தனியே வாழ்கிறார்கள். அவர்களிடமும் கேட்போம்: "நேற்று என்ன சாப்பிட்டீங்கள், ரீச்சர்?"