நீக்கப்படாத சாரம்

கோபுரத் திருப்பணி நடைபெறுங்காற் சுற்றிலும் சாரம் கட்டுவர். சிற்பியும் வண்ணந் தீட்டுவோரும் அதன்மேல் நின்றே தொழில் புரிவர். பணி முற்றியதும் சாரம் அவிழ்க்கப்படும். அவிழ்க்காது விட்ட கோபுரத்தை நிறைவுற்றதென எவரும் கொள்ளார்.

கணினியின் பணிசெயல் முறைமைக்கும் இத்தகைய சாரம் உண்டு. கணினியின் உறுப்புக்களை ஆண்டு நடத்தும் அம்மென்பொருள், பல்லாயிரம் கோப்புக்களைச் சேர்த்துக் கட்டப்படுவது. எதனை முதலிற் செய்வது, எதனோடு எதனை இணைப்பது என வகுத்துரைக்கும் கட்டளைக் கோவையே அப்பணியை நடத்துகின்றது. அதில் வழு நேரின், எழுதுவோர் ஆங்காங்கே 'இவ்விடம் வரை வந்தாயிற்று' என்றாற்போலச் சில வரிகளைத் திரையில் தோன்றச் செய்வர். யூனிக்ஸ் மரபில் 'செட் -எக்ஸ்' என்று ஒரு வரி எழுதினாற் போதும். நிறைவேறும் கட்டளை ஒவ்வொன்றும் திரையிலே தோன்றும். வழு அகப்பட்டபின் இவற்றை நீக்குதல் முறை. நீக்க மறப்பின் விளைவது யாது, நேயர்களே?

முதலாவது, ஆயிரம் வீண் வரிகளிடையே மெய்யான எச்சரிக்கை ஒன்று மறைந்துபோம். 1969இல் தோன்றிய யூனிக்ஸின் வழிவந்தோர், சொல்லத்தக்கது இல்லாதபோது செய்நிரல் வாளாவிருத்தல் வேண்டும் என்று விதித்தது இதனாலன்றோ?

இரண்டாவது, மறைபொருள் வெளிப்படும். 2012 பெப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட லயன் 10.7.3 பதிப்பில், வழுநீக்கத்துக்கென இட்ட குறியொன்று நீக்கப்படாது நின்றுவிட்டது. பழைய ஃபைல்வோல்ட் முறையில் தம் கோப்புக்களை மறையாக்கி வைத்திருந்தோரின் கடவுச்சொற்கள், அதனாற் பதிவேட்டிலே வெளிப்படையாக எழுதப்பட்டன. பெட்டியைப் பூட்டித் திறவுகோலை மூடிமேல் வைத்த கதையாயிற்று. அவ்வாண்டு மே மாதத்திலே திருத்தம் வந்தது.

அங்ஙனமாயின், கண்ட வரிகளையெல்லாம் அழித்துவிடலாமோ? அதுவும் தகாது. 2006ஆம் ஆண்டில் டெபியன் முறைமையைப் பேணுவோர், சோதனைக் கருவியொன்று காட்டிய எச்சரிக்கையை அடக்கும்பொருட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளினின்று சில வரிகளை நீக்கினர். அவற்றுள் ஒன்று மறைகுறிச் சாவிகளுக்கு எதிர்பாராத்தன்மையை ஊட்டிய வரி. எண்ணற்றனவாய் இருக்கவேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 என்னும் அளவிற்குச் சுருங்கின. டெபியனினின்று பிறந்த உபுண்டுவையும் இக்கேடு பற்றியது. 2008 மே மாதத்திலேயே இது வெளிப்பட்டது. சாரமென்று எண்ணித் தூணை அகற்றியதன் பயன் இது.

ஆகவே, நீக்குமுன் அறிதல் வேண்டும். அறிந்தபின் நீக்குதல் வேண்டும். லினக்ஸ் கருவினைக் கட்டும் கோவை இதற்கொரு நல்வழி காட்டுகின்றது. இயல்பாக அது சுருங்கிய குறிப்புக்களையே தரும்; 'வி=1' என்று கேட்டாலன்றி முழுக் கட்டளைகளையும் காட்டாது.

வழு என்னும் சொல் கணினியார் புதிதாக ஆக்கியதன்று. வழாநிலை, வழு, வழுவமைதி என்று இலக்கண நூலார் வகுத்த மூன்றனுள் ஒன்று. வழுவென ஒதுக்கத்தக்கது எது, அமைதியென ஏற்கத்தக்கது எது என்று ஆராய்வது தமிழ் மாணவனுக்குப் பழகிய பயிற்சி. பல்லேபொல போன்ற சிற்றூரிற் செய்நிரல் எழுதப் பழகும் பிள்ளைக்கும் அப்பயிற்சி கைகொடுக்கும். விடை சரியாக வந்ததும் எழுந்துவிடாது, தான் கட்டிய சாரத்தைத் தானே அவிழ்த்தபின் எழுவானாயின், அவன் தொழில் நிறைவுற்றதாகும்.